நாலாம் நம்பர் பின்

அன்று காலை வெடிக்குத் தன்னைப் பற்றித் தனக்கே பெருமையாக இருந்தது.

மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் அவன் உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன். அதற்கு முன் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்தவன். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர்கள் வெடித்துச் சிரிப்பார்கள் என்பதால் பெயர் அப்படி அமைந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான்.

"மேடம், வாசல் போர்டுல 'ஒரே நாளில் தீர்வு'ன்னு எழுதிடலாமா?"

மேடம் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. "எழுது. அதுக்குக் கீழேயே 'உதவியாளர் பேச்சுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னும் எழுது."

"அதை எழுதினா இருக்கிற கூட்டமும் போயிடும். பாதிப் பேர் என் பேச்சைக் கேக்கத்தான் வராங்க."

கதவு தட்டப்பட்டது. பஸ் டிரைவரின் காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றார். வேலைக்குப் போகும் வழியில் வந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"நான் ஆஸ்பத்திரி மருந்தாளரம்மாவோட வீட்டுக்காரர். சண்டைக்கு வரல."

வெடியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த மருந்தாளரம்மாவைத்தான் முந்தைய நாள் இவர்கள் இருவரும் திருடி என்று நிரூபித்துவிட்டு வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில், கடுமையான வலிக்குப் போடும் ஊசிமருந்து இருக்கும் இரும்பு அலமாரியிலிருந்து பெட்டி பெட்டியாகக் காணாமல் போயிருந்தது. அலமாரியின் மின்பூட்டு கம்ப்யூட்டர் சொன்னால்தான் திறக்கும். கம்ப்யூட்டரோ ரகசிய எண்ணைத் தட்டினால்தான் சொல்லும். அந்த எண் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மா. கம்ப்யூட்டரிலிருந்து பூட்டுக்குப் போகும் வோல்டேஜை வெடி தன் கையால் மீட்டர் வைத்து அளந்து, எண் இல்லாமல் பூட்டு அசையாது என்று காட்டினான். கேன்டீனில் அத்தனை பேரையும் கூட்டி வைத்து மேடம் முடிச்சை அவிழ்த்தாள். அந்த அம்மாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அவ நேத்து ஒரு விஷயம் சொன்னாளாம்," என்றார் டிரைவர். "யாரோ கம்ப்யூட்டரை அணைச்சுத் திரும்பப் போட்டப்போ, உள்ள அலமாரிப் பூட்டு 'டக்'குன்னு சத்தம் போட்டுச்சுன்னு. அதுக்கு இவர் ஏதோ சொன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். என்ன சொன்னார்னு கேட்டா அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

வெடி மேடத்தைப் பார்த்தான். மேடம் அவனைக் காப்பாற்றவில்லை.

"அது சும்மா... ஒரு பேச்சுக்கு..."

"பரவால்ல. சொல்லுங்க."

"'பூட்டுக்கு விக்கல் வந்திருக்கும்மா. நீங்க ராப்பகலா அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தா வராதா?'ன்னு... சொன்னேன்."

நேற்று கேன்டீன் கூரையே அதிர்ந்த வசனம். இந்த அறையில், இந்த மனிதர் முன்னால், வாயிலிருந்து வெளியே வரும்போதே அது அழுகிப்போயிருந்தது. வெடியின் காதுமடல்கள் சுட்டன.

டிரைவர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். "வேற யாரையாவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

மேடம் செய்தித்தாளை மடித்து வைத்தாள். "கம்ப்யூட்டரை யார் அணைச்சாங்கன்னு அவங்க சொன்னாங்களா?"

"நானும் கேட்டேன். வெளி ஜன்னல்ல மருந்து கொடுத்துக்கிட்டு இருந்தாளாம். சத்தம்தான் கேட்டுச்சாம், ஆளைப் பார்க்கலையாம். 'கண்ணால பார்க்காம ஒருத்தர் பேரைச் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்ததை நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன்'னுட்டா." வாசலை நோக்கித் திரும்பினார். "இன்னைக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதறாராம். எழுதிட்டா லைசென்ஸ் போயிடும். அப்புறம் எந்த மருந்துக் கடையிலயும் அவ நிக்க முடியாது. வரேன்."

அவர் போனதும் மேடம் எழுந்தாள்.

"வண்டியை எடு," என்றாள் மேடம்.

வழி முழுக்க வெடி ஜோக் எதுவும் சொல்லவில்லை. முன்னால் போன லாரியின் பின்புறம் 'என்னைத் தொடராதே' என்று எழுதியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்கே நாலு சொல்லியிருப்பான்.

"நேத்து நீ வோல்டேஜ் அளந்தப்போ கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சு?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு மேடம்."

"அணைஞ்சு எழுந்திருக்கிறப்போ அளந்தியா?"

வெடி சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"தூங்கறவனைப் பார்த்துட்டு, இவனுக்கு நடக்கவே தெரியாதுன்னு சாட்சி சொல்லியிருக்கோம்," என்றாள் மேடம். "நீ மட்டும் இல்ல. நானும்தான்."

மருந்தகத்தில் அந்த அம்மாவின் நாற்காலியில் அவளுடைய உதவியாளர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கெட்டிக் கண்ணாடி போட்டவர். ஆஸ்பத்திரி முழுக்க அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிட்டார்கள். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அக்கா எப்படி இருக்காங்க மேடம்? சாப்பிட்டாங்களாமா?"

"தெரியல," என்றாள் மேடம். "உள் அறையில கொஞ்சம் வேலை இருக்கு. யாரும் வர வேண்டாம்."

உள் அறை சின்னது. ஒரு மேசை, அதன் மேல் மங்கிப்போன வெள்ளை நிறத்தில் கம்ப்யூட்டர், எதிர்ச் சுவரோரம் இரும்பு அலமாரி. கம்ப்யூட்டரின் முதுகில் சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்பு, அதில் ஒன்பது பின்கள். அவற்றில் இரண்டுதான் செய்தியைச் சுமப்பவை. மீதியில் பெரும்பாலானவை வகுப்பில் கை தூக்குகிற பிள்ளைகள் மாதிரி: 'நான் தயார்', 'நீ தயாரா?' அவ்வளவுதான் அவற்றின் பேச்சு. பூட்டைச் செய்தவர் அப்படிக் கை தூக்கும் நாலாம் நம்பர் பின்னிலிருந்து பூட்டுக்கு ஒயர் இழுத்திருந்தார். அதில் வோல்டேஜ் மைனஸிலோ பூஜ்யத்திலோ இருக்கும் வரை பூட்டு மூடியிருக்கும். ரகசிய எண்ணைத் தட்டினால் சில வினாடிகள் பிளஸ்ஸுக்கு மாறும். பூட்டு திறந்து, கதவு ஒரு விரல் அளவு முன்னால் தள்ளிக்கொள்ளும்.

வெடி பூட்டின் கேபிளைக் கழற்றினான். மீட்டரின் கறுப்பு முனையை ஐந்தாம் பின்னில் வைத்தான், அதுதான் எர்த். சிவப்பை நாலில் வைத்தான்.

"மைனஸ் பதினொண்ணு. நேத்து மாதிரியே."

"அணை."

"பூஜ்யம்."

"போடு."

மீட்டரின் சின்னத் திரையில் எண்கள் குழம்பின, ஓடின, மறுபடி மைனஸ் பதினொன்றில் வந்து உட்கார்ந்தன.

"நடுவுல என்ன காட்டிச்சு?"

"படிக்கறதுக்குள்ள ஓடிப்போச்சு மேடம். இந்த மீட்டர் கணக்குப் போட்டு எண் காட்டறதுக்குள்ள..." வெடி சட்டென நிறுத்தினான். வண்டியில் எண்ணுக்குப் பதில் முள் ஆடும் பழைய மீட்டர் கிடந்தது. பத்து எட்டில் எடுத்துவந்திருக்கலாம். நேற்றும் அங்கேதான் கிடந்தது.

போய் எடுத்துவந்தான். முள் இடது ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். விசிறி முனகியது, திரை வெளுத்தது, ஏதேதோ எழுத்துகள் ஓடின. திடீரென்று முள் வலது பக்கம் துள்ளியது. விழுந்தது. மறுபடி துள்ளி விழுந்தது.

"எழுந்திருக்கிறப்போ மௌஸ் எங்கயாவது மாட்டியிருக்கான்னு தேடுது," என்றான் வெடி. "சீரியல் போர்ட்டுல மௌஸ் மாட்டின காலத்துப் பழக்கம். நாலாம் பின்னைத் தூக்கிப் பார்க்கும். யாராவது பதில் சொல்றாங்களான்னு. இது எனக்குத் தெரியும் மேடம். நல்லாவே தெரியும். அந்தம்மா 'டக்'குன்னு சொன்ன உடனே எனக்கு ஞாபகம் வந்திருக்கணும்."

"ஏன் வரல?"

காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மா பேசி முடிப்பதற்குள் அவன் தலைக்குள் ஜோக் தயாராகிவிட்டது. அது ஆறுவதற்குள் பரிமாற வேண்டுமே என்ற அவசரத்தில் அவள் சொன்னது காதில் ஏறவேயில்லை.

"சரி, இது பாதி," என்றாள் மேடம். "எண் தெரியாதவங்களும் திறக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ திறந்தது யார்? இந்தக் கம்ப்யூட்டரைத் தொடறவங்க நிர்வாகி, தலைமை நர்ஸ், கண்ணாடி. மூணு பேர். கேபிளை மாட்டு. மூணு பேரையும் கூப்பிடுவோம். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடறோம்னு மட்டும் சொல்லுவோம். பூட்டுங்கற வார்த்தையே வரக்கூடாது. விஷயம் தெரியாதவங்க திரையைப் பார்ப்பாங்க. தெரிஞ்சவங்க..."

"அலமாரியைப் பார்ப்பாங்க."

"நான் கம்ப்யூட்டர்கிட்ட நிக்கறேன். நீ முகங்களைப் பாரு."

மூவரும் வந்தார்கள். நிர்வாகி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே மேடம்! என்ன வெடி சார், பூட்டுக்கு விக்கல் நின்னுச்சா? என் பொண்ணுகிட்டச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா."

வெடிக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மேடம் பார்க்கச் சொன்னது முகங்களைத்தான். அவன் தலை நிமிரவேயில்லை. மொசைக் தரையும் அதன் மேல் மூன்று ஜோடிக் கால்களும்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. நிர்வாகியின் பளபளக்கும் கறுப்பு ஷூக்கள். தலைமை நர்ஸின் வெள்ளைச் செருப்புகள். கண்ணாடியின் தேய்ந்த கேன்வாஸ் ஷூக்கள்.

"பெருசா ஒண்ணும் இல்ல," என்றாள் மேடம். "ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்க்கணும். எல்லாரும் கொஞ்சம் திரையைப் பாருங்க."

பொத்தானை அமுக்கும் ஓசை. விசிறியின் முனகல்.

கறுப்பு ஷூக்கள் கம்ப்யூட்டரை நோக்கி நின்றன. வெள்ளைச் செருப்புகளும் அப்படியே. கேன்வாஸ் ஷூக்களில் ஒன்று மெல்லத் திரும்பியது, பின்னாலேயே மற்றதும். இப்போது இரண்டும் அலமாரியைப் பார்த்து நின்றன.

அதற்குப் பிறகுதான் பூட்டு 'டக்' என்றது.

நிர்வாகி துள்ளித் திரும்பினார். நர்ஸ், "ஐயோ, தானா திறக்குதே!" என்றாள். அலமாரிக் கதவு ஒரு விரல் அளவு முன்னால் வந்து நின்றது. ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்த கண்ணாடி மட்டும் அசையவில்லை.

வெடி தலையை நிமிர்த்தினான். கண்ணாடியும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாக, ஈரமாக இருந்தன.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றான் வெடி. குற்றவாளியைப் பிடித்த ஆளின் குரலாக அது இல்லை.

கண்ணாடி மறுக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையின் முழுக்கையை மடித்துக் காட்டினார். முழங்கை மடிப்பில் ஊசித் தடங்கள்.

"மருந்து மூட்டை தூக்கறப்போ முதுகு பிடிச்சுக்கிச்சு. மொதல்ல வலிக்குத்தான் போட்டேன். ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு அணைச்சுப் போட்டேன். அலமாரி தானா திறந்துச்சு. அப்புறம் வலி இல்லாட்டியும் தேவைப்பட்டுச்சு."

"ஒரு பொம்பளையைத் திருடின்னு சொன்னப்போ பார்த்துக்கிட்டு நின்னியே!" என்று நிர்வாகி கத்தினார். நேற்று அந்த வார்த்தையை அதிகம் சொன்னவர் அவர்தான்.

கண்ணாடி அவரைப் பார்க்கவில்லை. வெடியைத்தான் பார்த்தார்.

"அக்கா அந்தச் சத்தத்தைச் சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். மாட்டிக்கிட்டோம், இனிமே மறைக்க முடியாது, நாமளே சொல்லிடலாம்னு எழுந்துட்டேன். நிஜமாவே எழுந்து நின்னேன். அப்போ நீங்க அந்த ஜோக்கைச் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்கு எழுந்தேன்னே யாரும் கேக்கல. நானும்..." அவர் உதடுகள் கோணின. "நானும் சிரிச்சிட்டு உக்காந்துட்டேன்."

நேற்று கேன்டீனில் ஒருவர் எழுந்து நின்றது வெடிக்கு நன்றாக நினைவிருந்தது. தன் ஜோக்கை ரசித்து எழுந்தவர் என்று நினைத்து, அந்தப் பக்கம் பார்த்துக் கண்ணடித்திருந்தான்.

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். தலைமை நர்ஸ் கண்ணாடியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் நடுங்க ஆரம்பித்திருந்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, போலீஸ் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும், ஆனால் இந்த ஆளுக்கு முதலில் படுக்கை வேண்டும் என்றார். அப்படியே ஆயிற்று.

மருந்தாளரம்மாவின் வீட்டுக்கு வெடி தனியாகப் போனான். கதவைத் திறந்தவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடியின் பெயரைக் கேட்டதும் கதவைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

"நீங்க சந்தேகப்பட்டீங்களாம்மா?"

"பட்டேன். பார்க்கல. அதனால சொல்லல."

"என்னை மன்னிச்சுடுங்கம்மா."

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க கேன்டீன்ல இருக்காங்க. நேத்து யார் யார் சிரிச்சாங்களோ அவங்களைக் கூப்பிட்டு அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் வரேன்."

கேன்டீனில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. வெடி நேற்று நின்ற அதே மேசையருகே போய் நின்றான். அந்த அம்மா கணவனோடு வாசலருகே நின்றாள். அவன் தொண்டையைச் செருமியதும் பின்வரிசையில் யாரோ ஒருவர் 'ஆரம்பிச்சுட்டாரு' என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது.

"இது ஜோக் இல்லைங்க," என்றான் வெடி.

அதற்கும் ஒருவர் சிரித்தார்.

"நெஜமா இல்லைங்க." அவன் குரல் உடைந்தது. அப்போதுதான் கேன்டீன் அடங்கியது. "இந்தம்மா நேத்து சொன்னது உண்மை. சத்தம் வந்தது உண்மை. நான் ஒழுங்கா அளக்கல. அவங்க பேசினதையும் ஒழுங்கா கேக்கல. உங்களையும் கேக்க விடல. அவங்க ஒரு மாத்திரை கூட எடுக்கல. தப்பு என்னோடது."

"என்னோடதும்," என்றாள் மேடம், அவன் பக்கத்தில் வந்து நின்று. "இவன் பேசறப்போ நான் சிரிக்கல. ஆனா நிறுத்தவும் இல்ல."

நிர்வாகி தன் கறுப்பு ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் வெடியால் தாங்கியிருக்க முடியாது.

எல்லோரும் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். "அந்தப் பூட்டு இன்னும் அப்படியேதானே இருக்கு? நாளைக்கும் யார் வேணாலும் அணைச்சுப் போட்டா திறந்துக்கும். மொதல்ல அதைச் சரி பண்ணுங்க."

வெடி வண்டியிலிருந்து சால்டரிங் அயர்ன் எடுத்துவந்தான். பூட்டுப் பெட்டியைத் திறந்து, சிக்னல் ஒயரில் ஒரு தாமதிப்பானைச் சேர்த்தான்: வோல்டேஜ் கொஞ்ச நேரம் தொடர்ந்து பிளஸ்ஸில் நின்றால்தான் இனி பூட்டு கேட்கும்; கம்ப்யூட்டர் எழும்போது துள்ளும் துள்ளலை அது மதிக்காது. அந்த அம்மா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றாள். அவள் நின்றதால் அவன் கை இரண்டு தடவை தவறியது.

வேலை முடிந்ததும் ரகசிய எண்ணைத் தட்டினாள். பூட்டு நிதானமாக யோசித்துவிட்டுத் திறந்தது. அவள் கதவை மூடினாள்.

"இப்போ அணைச்சுப் போடுங்க."

போட்டான். சிக்னல் ஒயரில் வைத்திருந்த மீட்டரின் முள் துள்ளியது, விழுந்தது, மறுபடி துள்ளியது. அவள் அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை.

வெடி நிமிர்ந்தான். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான்.

"இன்னொரு தடவை," என்றாள் அவள்.

வெடி குனிந்து கம்ப்யூட்டரை அணைத்தான்.